நான்காம் எண் பாதையின் கைகாட்டிகள்

பிரிட்டனின் தேசிய சைக்கிள் பாதை வலைப்பின்னலில் வழிகாட்டிப் பலகை மிக எளிமையான பொருள். நீலப் பின்னணி, அதில் வெள்ளைச் சைக்கிள், ஓர் அம்புக்குறி, சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளையில் பாதையின் எண். பெரிய பலகையானால் அடுத்து வரும் ஊரின் பெயரும் அது எத்தனை மைல் என்பதும் சேர்ந்திருக்கும். முழு மைல் ஆகாத இடங்களில் அரை, கால் என்று பின்னத்தில் எழுதுவது அந்நாட்டு வழக்கம். தேசியப் பாதையின் எண்ணுக்குச் சிவப்புக் கட்டம், வட்டாரப் பாதையின் எண்ணுக்கு நீலக் கட்டம். எழுத்து வடிவம் மோட்டார் சாலைப் பலகைகளில் உள்ளதேதான். ஜாக் கின்னெயரும் மார்கரெட் கால்வர்ட்டும் வகுத்து, 1965 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது அது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் வேகத்தில், தரையையும் எதிரே வருபவர்களையும் பார்த்தபடி மிதித்துப் போகிறவர் ஓரிரு நொடிக்குள் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இத்தனை சிக்கனம்.

நான்காம் எண் பாதை லண்டனில் தொடங்கி, ரெடிங், நியூபரி, பாத், பிரிஸ்டல், நியூபோர்ட், ஸ்வான்சி வழியாக வேல்ஸின் மேற்கே ஃபிஷ்கார்டு துறைமுகம் வரை போகிறது. இதில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடைப்பட்ட 13 மைல், அதாவது சுமார் 21 கிலோமீட்டர், பழைய ரயில் தடத்தின் மேல் அமைந்தது. அத்தடத்தில் 1966-ல் பயணிகள் ரயில் நின்றுபோனது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டுப் புதர் மண்டிக் கிடந்த அதைச் சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய பாதையாக்கும் எண்ணம், 1977-ல் பிரிஸ்டலில் உருவான சைக்கிள்பேக் என்ற சிறு குழுவினுடையது. பொறியாளர் ஜான் கிரிம்ஷா அதன் முன்னணியில் இருந்தார். 1979-ல் பாத் நகர்ப் பக்கம் முதல் துண்டு போடப்பட்டது. 1986-ல் முழு நீளமும் முடிந்தது. மண்வெட்டி பிடித்த கைகளில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையவை என்பதை இந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் சொல்ல வேண்டும். அந்தக் குழுதான் பிறகு சஸ்டிரான்ஸ் என்ற அறக்கட்டளை ஆயிற்று. 1995-ல் லாட்டரி வருவாயிலிருந்து 4 கோடி பவுண்டுக்கு மேல் நிதி கிடைக்கவே, ஊர்ப்பாதைகளை இணைத்து நாடு தழுவிய வலைப்பின்னல் ஒன்றை அது திட்டமிட்டது. 2000 ஜூன் மாதம் 5,000 மைல் நீளத்துடன் அந்த வலைப்பின்னல் திறக்கப்பட்டது.

ரயில் தடத்தின் மேல் போகும்வரை வழி தவற இடமில்லை. ஸ்டேபிள் ஹில் சுரங்கத்துக்குள் நுழைந்தவர் மறுமுனையில்தான் வெளியேற முடியும். மாங்கட்ஸ்ஃபீல்டில் பழைய நிலையத்தின் நடைமேடைச் சுவர்கள் நிற்கின்றன; பிட்டன் நிலையத்தருகே, ஆர்வலர்கள் மீட்டு ஓட்டும் நீராவி ரயில் பாதையை ஒட்டியே வருகிறது; அதற்கப்பால் ஏவன் ஆற்றைப் பாதை மீண்டும் மீண்டும் பாலத்தில் கடக்கிறது. இங்கெல்லாம் பலகை இல்லாவிட்டாலும் குறையில்லை. பலகை தேவைப்படுவது ரயில் தடம் முடிந்து தெரு தொடங்கும் இடங்களில். வார்ம்லியில் பெரிய சாலை குறுக்கே வருகிறது. பிரிஸ்டல் முனையில் பாதை வீட்டுத் தெருக்களில் கரைந்து நகர மையத்தை நோக்கிப் போகிறது. பாத் முனையில் தடத்தை விட்டிறங்கி ஆற்றங்கரைக்குத் திரும்ப வேண்டும். இடையில் பக்கவாட்டிலிருந்து ஏறிவரும் படிகளும் சரிவுகளும் பல. பலகையைப் பேணுவது என்பது, 13 மைலில் ஏறக்குறைய இந்த இடங்களை மட்டும் விடாமல் கவனிப்பதுதான்.

தமிழில் கைகாட்டி என்ற சொல் சாலை முக்கில் நிற்கும் மரத்துக்கும் உண்டு, ரயிலுக்கு வழி விடும் கம்பத்துக்கும் உண்டு. ரயில் கைகாட்டிகள் அகன்ற தடத்தில் சைக்கிள் கைகாட்டிகள் நிற்கும் இந்தப் பாதைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

பலகை நடுவது அரசின் வேலை. பொதுச்சாலையில் நிற்கும் பலகைகள் பெரும்பாலும் அந்தந்த உள்ளாட்சியின் சொத்து. அனுமதியின்றி ஒன்றை நடவோ ஒட்டவோ யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நட்ட பலகையை மாதாமாதம் போய்ப் பார்க்க உள்ளாட்சியில் ஆள் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே சஸ்டிரான்ஸ் பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அக்கம்பக்கத்தில் வசிக்கும் ஒரு தன்னார்வலரிடம் ஒப்படைத்தது. அவர்களுக்கு நீண்டகாலம் ரேஞ்சர் என்று பெயர். கழுவலாம், திருகாணியை இறுக்கலாம், கொடுக்கப்பட்ட ஸ்டிக்கரை அனுமதிக்கப்பட்ட கம்பத்தில் ஒட்டலாம், கைக்கெட்டும் கிளையை வெட்டலாம், கண்டதை எழுதி அனுப்பலாம். ஏணியில் ஏறக்கூடாது. சாலை நடுவில் நின்று வேலை செய்யக்கூடாது. குழி தோண்டக்கூடாது. ஒளிரும் மஞ்சள் அங்கி கட்டாயம். இக்கட்டுரையாளர் இந்தப் பாதையின் ஒரு துண்டைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். வேலை பழகியது, ரயில் நின்ற காலத்திலிருந்தே அந்தத் தடத்தை அறிந்திருந்த, பணி ஓய்வு பெற்ற ஒரு மூத்த தன்னார்வலரிடம்.

அவருடைய சைக்கிளின் பின்பையில் இருந்தவை இன்றும் ஒரு பட்டியலாக நினைவில் நிற்கின்றன: இரண்டு லிட்டர் தண்ணீர், சிறு வாளி, மென்மையான பஞ்சு, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம், பழைய துணிகள், செடி வெட்டும் கத்தரி, தோல் கையுறை, 13 மி.மீ. ஸ்பேனர் இரண்டு, பிளாஸ்டிக் சுரண்டி, ஒரு உறையில் நான்காம் எண் ஸ்டிக்கர்கள், பென்சில் கட்டிய நோட்டுப் புத்தகம். பேனா மழையில் எழுதாது, பென்சில் எழுதும் என்பது அவர் சொன்ன முதல் பாடம். நோட்டில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வரி: எந்த இடம், எந்தக் கம்பம், எந்தத் திசையை நோக்கியது, எப்போது கழுவியது, என்ன குறை. கைப்பேசியில் படமும் இருப்பிடமும் பதியும் முறை வந்த பிறகும் அந்த நோட்டு கைவிடப்படவில்லை. கம்பத்தோடு பலகை காணாமல் போன இடத்தில், முன்பு அங்கே என்ன இருந்தது என்று சொல்ல எழுத்து ஒன்றுதான் மிஞ்சும்.

ஒரு திருப்பத்துக்கு ஒரு பலகை போதும் என்று தோன்றும், போதாது. முறைப்படி மூன்று வேண்டும். திருப்பம் வருமுன் எச்சரிப்பது ஒன்று, திருப்பத்திலேயே அம்புக்குறியோடு நிற்பது ஒன்று, திரும்பிய பிறகு சற்றுத் தள்ளிச் சரியான வழியில்தான் போகிறோம் என்று உறுதி சொல்வது ஒன்று. மூன்றாவதைத்தான் திட்டமிடுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஆனால் புதிதாக வருகிறவருக்கு மூன்றிலும் அதுதான் மிகவும் தேவை. திரும்பி ஐம்பது அடி போனதும் மனத்தில் ஐயம் எழுகிறது. அந்த நேரத்தில் கண்ணில் படும் ஒரு சின்னச் சிவப்பு எண் அவரை நிறுத்தாமல் போகவிடுகிறது. மேலும் பாதைக்குத் திசை இரண்டு. பிரிஸ்டலிலிருந்து வருகிறவருக்கு நேராகத் தெரியும் திருப்பம், பாத்திலிருந்து வருகிறவருக்குப் பின்பக்கமாக ஒளிந்திருக்கும். ஆகவே ஒரு முக்குக்கு ஆறு பலகை. மூன்று தெருக் கூடுமிடமானால் கணக்கு இன்னும் ஏறும்.

இந்த வேலையின் உண்மையான கடினம் கழுவுவதிலும் இறுக்குவதிலும் இல்லை. இல்லாத பலகையைக் காண்பதில்தான் இருக்கிறது. இருக்கும் பலகை அழுக்கானால் கண்ணில் படும். விழுந்துபோன பலகை, வழி தெரிந்தவர் கண்ணில் படவே படாது. அவருடைய கை தானாகவே திருப்பத்தில் திரும்பிவிடுகிறது. ஊருக்குள் வசித்து, தினமும் அவ்வழியே வேலைக்குப் போய்வந்து, பாதையை நேசித்து அதைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறவர் எவரோ, அவர்தான் அந்தக் குறையைக் காண்பதற்கு மிகவும் தகுதி குறைந்தவர். தன்னார்வலர் எல்லோரும் இப்படிப்பட்டவர்களே என்பதால், மூத்தவர் இதற்குச் சில பழக்கங்களை வைத்திருந்தார். வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த் திசையில் பாதையைப் பார்ப்பது. ஒவ்வொரு முக்கிலும் இறங்கி நின்று, நகரத்தின் பெயரே தெரியாதவர் போலச் சுற்றிப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற பலகை சொல்கிறபடி மட்டும் நடப்பது. கோடையில் ஒருமுறை, இலை உதிர்ந்த குளிர்காலத்தில் ஒருமுறை, இருட்டிய பிறகு விளக்கோடு ஒருமுறை என்று ஆண்டில் மூன்று சுற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, வெளியூரிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களை முன்னால் விட்டுப் பின்னால் மௌனமாகப் போவது. அவர்கள் எங்கே தயங்கி வேகத்தைக் குறைக்கிறார்களோ அங்கே நோட்டில் ஒரு கோடு. இக்கட்டுரையாளரின் வீட்டுக்கு வந்த உறவினர்கள் பலர் இப்படி 13 மைலையும் மிதித்திருக்கிறார்கள். அவர்கள் தயங்கிய இடங்கள், எந்த ஆய்வறிக்கையையும்விடத் துல்லியமாக இருந்தன.

பலகை கெடும் விதத்தில் ஒழுங்கு உண்டு. தெற்கு நோக்கியவை வெளுக்கும். வடக்கு நோக்கியவை பாசி பிடிக்கும். வெளுப்பதில் முதலில் போவது சிவப்பு. சிவப்புச் சாயம் ஒளியில் ஆற்றல் மிக்க நீல, ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்வதால் விரைவில் சிதைகிறது. நீலச் சாயம் அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுவதால் நெடுநாள் தாங்குகிறது. இதன் விளைவு மோசமானது. பலகையின் நீலமும் வெள்ளைச் சைக்கிளும் புதிதுபோல இருக்க, எண்ணைத் தாங்கிய கட்டம் மட்டும் ரோஜா நிறமாகி, பிறகு வெளிறி, வெள்ளை எண் அதனுள் மறைந்துபோகும். சைக்கிள் பாதை என்று தெரியும். எந்தப் பாதை என்று தெரியாது. இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் அப்படிப்பட்ட பலகையால் பயனில்லை. பாத் நகரத்தில் நான்காம் எண்ணோடு தெற்கே போகும் 24-ம் எண்ணும், 2013-ல் திறந்த இரட்டைச் சுரங்கப் பாதையின் 244-ம் எண்ணும் உண்டு. அந்த இரட்டைச் சுரங்கத்தில் கூம் டவுன் சுரங்கம் மட்டுமே ஒரு மைலுக்கு மேல் நீளம். அங்கே எண் வெளுத்தால், கடலுக்குப் போக வேண்டியவர் மலைக்குப் போவார்.

பாசி அப்படியல்ல, அது கழுவினால் போய்விடும். மரநிழலில் ஈரம் காயாத இடங்களில் இரண்டு குளிர்காலம் போதும், பலகை முழுவதும் பச்சையாகிவிட. அதைத் தேய்க்கும் விதம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் விளக்கொளியைத் திருப்பிக் காட்டும் மெல்லிய படலம் ஒன்று பலகையின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதனுள் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதிந்திருக்கும். கம்பி நாரும் துலக்கும் பொடியும் அதைக் கீறிவிடும். கீறிய பலகை பகலில் பளிச்சென்று இருக்கும், இரவில் குருடாகிவிடும். எனவே முதலில் வெறும் நீரால் மணலைக் கழுவ வேண்டும். பிறகு சோப்பு நீரில் தோய்த்த பஞ்சால் மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைக்க வேண்டும். கடைசியில் நல்ல நீர் ஊற்ற வேண்டும். பின்பக்கத்தையும் துடைப்பது மூத்தவரின் பழக்கம். அங்கே யாருக்கும் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பாசி பின்பக்கத்திலிருந்துதான் விளிம்பைச் சுற்றி முன்னே வருகிறது என்பதை அவர் கண்டிருந்தார். ஒரு பலகைக்கு ஐந்து நிமிடம். பாசி விலகி வெள்ளைச் சைக்கிள் வெளிப்படும் கணத்தில், நடந்து போகிறவர்கள் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த வேலையில் கண்கூடான மகிழ்ச்சி என்று ஒன்று உண்டானால் அது இதுதான்.

செடி வெட்டுவதற்குக் காலம் உண்டு. முட்கொடி, ஐவி, தண்டவாள ஓரங்களை விரும்பி முளைக்கும் பட்லியா, ஹாதார்ன் வேலிப்புதர் ஆகியவையே பலகைகளை மூடுகின்றன. இவை வேகமாக வளரும் வசந்தமும் கோடையும்தான் பறவைகள் கூடு கட்டும் காலம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலியைத் தொடுவதை எல்லோரும் தவிர்க்கிறார்கள். குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது 1981-ன் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். ஆகவே பலகை மறையும் மாதத்தில் கத்தரி பைக்குள் இருக்க வேண்டும், பலகை தெரியும் மாதத்தில் அதை எடுக்க வேண்டும். இலையெல்லாம் உதிர்ந்து, எதுவும் எதையும் மறைக்காத ஜனவரியில் நின்றுகொண்டு, ஜூன் மாதம் இந்தக் கிளை எதுவரை வரும் என்று கணித்து வெட்டுவதுதான் அந்தத் திறமை. முதல் ஆண்டு இக்கட்டுரையாளர் வெட்டியது போதவில்லை. மே மாதமே இரண்டு பலகைகள் புதருக்குள் போயின. இரண்டாம் ஆண்டு முதல், ஜூனில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜனவரியில் வெட்டும் முறை வந்தது.

இனி, திரும்பிய பலகை. உருண்டைக் கம்பத்தில் பலகையை இரண்டு உலோகப் பட்டைகள் போல்ட் போட்டு இறுக்கிப் பிடித்திருக்கின்றன. குளிரிலும் வெயிலிலும் பட்டை தளர்கிறது. பிறகு காற்றோ கையோ அதைத் திருப்பிவிடுகிறது. விழுந்த பலகை வழியைச் சொல்லாது, அவ்வளவுதான். திரும்பிய பலகை தவறான வழியை உறுதியாகச் சொல்லும். ஒரு ஆகஸ்ட் மாலை, கனத்த பைகள் கட்டிய சைக்கிள்களோடு முதியவர்கள் இருவர் ஒரு முக்கில் நின்றிருந்தார்கள். பாத் நகரில் இரவு தங்க அறை எடுத்திருந்தவர்கள், பலகை காட்டிய பக்கம் திரும்பி, மேட்டில் மூன்று மைல் மிதித்துவிட்டு, ஐயம் வந்து திரும்பியிருந்தார்கள். அவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. பலகையைச் சுட்டிக்காட்டி, தாங்கள் அதை நம்பியதாக மட்டும் சொன்னார்கள். கால் சுற்று திரும்பியிருந்த அந்தப் பலகையைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆயிற்று. இக்கட்டுரையாளர் அதற்கு நான்கு நாள் முன்புதான் அவ்வழியே வேலைக்குப் போயிருந்தார். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அன்று முதல் ஸ்பேனர் வீட்டுக் கொட்டகையிலிருந்து தினசரிப் பைக்கு மாறியது. வேலைக்குப் போகும்போதும் ஒவ்வொரு பலகையையும் ஒருமுறை ஏறெடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

ஸ்டிக்கர் ஒட்டுவது சிறுவர் வேலை போலத் தெரியும். விளக்குக் கம்பத்தில், குட்டைத் தூணில், ஏற்கெனவே நிற்கும் வேறு பலகைக் கம்பத்தில் என்று, தனிப் பலகைக்குச் செலவில்லாமல் வழி சொல்ல அதைவிட மலிவான வகை இல்லை. உறுதி சொல்லும் மூன்றாவது பலகையின் இடத்தைப் பெரும்பாலும் ஸ்டிக்கர்தான் நிரப்புகிறது. கம்பத்தைக் கழுவி, முழுவதும் காயவிட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். குளிரில் பசை பிடிக்காது. அக்டோபருக்குப் பிறகு ஒட்டியவை மார்ச்சுக்குள் விளிம்பு தூக்கிவிடும். விளிம்பு தூக்கியதை வழியில் போகிற எந்தக் கையும் உரித்துப் பார்க்கும். கூர்மூலையைக் கத்தரித்து உருண்டையாக்கி ஒட்டினால் அந்த ஆசை எழுவதில்லை. எத்தனை உயரத்தில் ஒட்டுவது என்பதும் அனுபவத்தில் கற்பதே. மிகவும் கீழே இருந்தால் நிறுத்திய கார் மறைக்கும், மிகவும் மேலே இருந்தால் ஏணி வேண்டும். ஏணிக்கு அனுமதி இல்லை. கையை நீட்டித் தொடும் உயரமே சரி.

தன்னார்வலர் கைக்கு மீறியவற்றை எழுதி அனுப்ப வேண்டும். இந்த 13 மைலுக்குள் மூன்று உள்ளாட்சிகளின் எல்லைகள் வருகின்றன. எந்தக் கம்பம் யாருடையது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். ஒருமுறை வண்டி மோதி ஒரு கம்பமே சாய்ந்து, பலகையோடு அகற்றப்பட்டது. அதைத் திரும்ப நட்டுத் தரும்படி உரிய அலுவலகத்துக்கு முதல் கடிதம் போனது ஒரு பிப்ரவரியில். படமும் இடமும் பலகையில் இருந்த வாசகமும் இணைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பதில் வந்தது, பிறகு அந்த அலுவலர் மாறினார், அடுத்தவருக்கு மீண்டும் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியிருந்தது, அவரும் மாறினார். கம்பம் நடப்பட்டது பதினான்கு மாதம் கழித்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில். ஒரு கம்பத்துக்குப் பதினான்கு மாதம் என்பது நியாயமில்லை. அதே கம்பம் மோட்டார் சாலையைக் காட்டுவதாக இருந்திருந்தால் அவ்வளவு நாள் ஆகியிருக்காது. ஆனால் அந்தப் பதினான்கு மாதமும், அனுமதி பெற்ற ஒற்றை ஸ்டிக்கர் பக்கத்து விளக்குக் கம்பத்தில் அந்த வேலையைச் செய்தது. எழுதி அனுப்பியதை விடாமல் மாதம் ஒருமுறை நினைவூட்டியதால்தான் பலகை வந்தது என்பதில் ஐயமில்லை. நோட்டில் தேதி இருந்ததால்தான் நினைவூட்டவும் முடிந்தது.

மைல்கற்கள் வேறு வகை. 2000-ம் ஆண்டை ஒட்டி, ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நிதியில், வலைப்பின்னல் முழுவதும் சுமார் 1,000 வார்ப்பிரும்புக் கம்பங்கள் நடப்பட்டன. பிரிட்டனின் நான்கு நாடுகளுக்கும் ஒருவராக நான்கு கலைஞர்கள் நான்கு வடிவம் கொடுத்தார்கள். அவற்றில் ஸ்காட்லாந்தின் இயன் மெக்கால் செய்தது சேவல் என்று பெயர் பெற்றது. வெளியூர்க்காரர் நின்று படம் எடுத்துக்கொள்வது இவற்றின் பக்கத்தில்தான். இவற்றில் பல வண்ணம் பூசப்படாமலோ பூசியது உரிந்தோ நின்றன. அவற்றுக்கு வண்ணம் கொடுப்பதும் தன்னார்வலர்களின் வேலையாயிற்று. கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு ஒருமுறை, மேல்வண்ணம் இருமுறை. ஊர்ப் பெயரும் மைல் எண்ணும் புடைத்து நிற்கும் எழுத்துகளுக்கு மட்டும் மெல்லிய தூரிகையால் வெள்ளை. ஒரு கம்பத்துக்கு இரண்டு வார இறுதிகள் போயின. பள்ளிப் பிள்ளைகள் சிலர் வந்து எழுத்துகளை நிரப்பினார்கள். வழிகாட்டும் பயன் இவற்றால் அதிகமில்லை. ஆனால் பாதைக்கு முகம் கொடுத்தவை இவையே.

2018 நவம்பரில் வெளிவந்த சஸ்டிரான்ஸ் ஆய்வறிக்கை, அதற்குள் 16,575 மைலாக வளர்ந்துவிட்ட வலைப்பின்னலை மைல் மைலாக மதிப்பிட்டது. 54 விழுக்காடு நன்று அல்லது மிக நன்று. மீதி 46 விழுக்காடு மோசம் அல்லது மிக மோசம். வேகமும் நெரிசலும் மிக்க சாலைகளின் ஓரமாகப் போன துண்டுகள் பல, பிள்ளையோடு போகத் தகாதவை என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 2020 ஜூலையில் வலைப்பின்னலின் ஏறக்குறைய கால் பங்கு நீக்கப்பட்டது அல்லது வேறு வகைக்கு மாற்றப்பட்டது. பிரிஸ்டல்–பாத் ரயில் பாதைக்கு அதனால் மாற்றமில்லை. ஆனால் அருகிலுள்ள சாலைவழித் துண்டு ஒன்றில் எண்களை அகற்றும் வேலைக்கு அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் அழைக்கப்பட்டார்கள்.

ஒட்டியவர்களே உரித்தார்கள். ஃபிளாஸ்கில் கொண்டுபோன வெந்நீரைத் துணியில் நனைத்து ஸ்டிக்கர் மேல் வைத்து, பசை இளகியதும் பிளாஸ்டிக் சுரண்டியை மூலையில் நுழைத்து மெதுவாகத் தூக்கினால் முழுதாக வரும். அவசரப்பட்டால் துண்டுதுண்டாகக் கிழியும். பாதி கிழிந்த எண் முழு எண்ணைவிடக் கெடுதல் என்பதால் ஒவ்வொன்றையும் எச்சமின்றி எடுக்க வேண்டியிருந்தது. பத்தாண்டு வெயில் படாத சிறிய செவ்வகம் ஒவ்வொரு கம்பத்திலும் பளிச்சென்று மிஞ்சியது. பல ஆண்டுகள் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி அன்று வந்திருந்தார். முதல் எண்ணை அவரே ஒட்டியவர். கடைசி எண்ணையும் அவரே எடுத்தார். பாதுகாப்பாகப் போகலாம் என்று சொல்லும் எண், பாதுகாப்பில்லாத சாலையில் இருக்கக்கூடாது என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தச் சாலையைத்தான் சரிசெய்திருக்க வேண்டும் என்றார். இரண்டுமே சரி. அன்று உரித்தவை எல்லாம் ஒரு சிறு வாளிக்குள் அடங்கின.

2022-ல் இக்கட்டுரையாளர் வேறு ஊருக்குக் குடிபெயர வேண்டிவந்தபோது, அந்தத் துண்டின் பொறுப்பு, பிரிஸ்டலுக்கு வந்து நான்கு மாதமே ஆகியிருந்த ஓர் இளம் செவிலியரிடம் போனது. ஸ்பேனர்கள், மீதி ஸ்டிக்கர்கள், ஜூன் மாதப் படங்கள், இரண்டு நோட்டுகள் ஆகியவை கைமாறின. நோட்டுகளில் ஒவ்வொரு பலகையும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தது. விடுபட்டது எதுவும் இல்லை என்ற நம்பிக்கையோடுதான் கொடுக்கப்பட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக, பாத் பக்கமிருந்து, நோட்டைத் திறக்காமல் பாதையைப் பார்த்து வந்தார். அன்று மாலை அவர் அனுப்பிய செய்தியில் மூன்று இடங்கள் இருந்தன. மூன்றிலும் அவர் நின்று, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்திருக்கிறார். பதினோரு ஆண்டுகளாக இரண்டு நோட்டுகளிலும் இடம்பெறாத இடங்கள் அவை. அங்கே பலகை ஒருபோதும் இருந்ததில்லை. அடுத்த மே மாதம், முறையான அனுமதியோடு, மூன்றிலும் நான்காம் எண் ஒட்டப்பட்டது.